அக்காவுக்குப் பிடித்த பாட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே ஆரம்பிக்கிறேன். போன வாரம் போனில் கேட்டாய், "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். அது பொய் இல்லை, முழு விடையும் இல்லை. ஒரு வரி எழுதிவிட்டுப் பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடும் பிள்ளைகள் இருப்பார்களே, அந்த மாதிரி. உட்கார்ந்து எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும்.

அக்கி ஆறிவிட்டது. கொப்புளம் இருந்த இடத்தில் தழும்புதான் மிச்சம். வலி மட்டும் போகவில்லை. வலது விலாவைச் சுற்றி யாரோ சூடான கம்பியைக் கட்டிவிட்டதுபோல் இருக்கிறது. துணி உரசினால்கூட உயிர் போகிறது. டாக்டர் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. "தீ அணைஞ்சிடுச்சும்மா. அலாரம்தான் நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

மாத்திரை போட்டால் வலி தூரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் நானும் கூடவே தூரமாகப் போய்விடுகிறேன். நேற்றுப் பால் பாத்திரத்தைப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். அகராதியைத் தேடினால் அது குளிர்பெட்டிக்குள் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், கெட்டிக்காரப் பெண். "மாத்திரையை நிறுத்தச் சொல்லல டீச்சர். கூடவே பாட்டும் கேளுங்க. வலி ஏற ஆரம்பிக்கும்போதே காதுல மாட்டிக்கணும். உங்களுக்குப் பிடிச்ச பாட்டா இருக்கணும், அது முக்கியம்" என்றாள். என் தம்பி வயலின் வாசிக்கிறவன் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்புறம் என்ன, வீட்டுலயே வைத்தியர்" என்று சிரித்தாள்.

உன் வாசிப்பில் ஏதாவது அனுப்பேன்.

உங்கள் இருவர் நலனையும் நினைக்கும்,
அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ இப்படித் தவிக்கிறாய் என்று தெரியாமல் போனில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தேனே என்று இவளும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். "உன் வாசிப்பில் ஏதாவது அனுப்பு" என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை அக்கா. ஸ்டுடியோவில் நான் பின்வரிசை. எட்டு வயலின் சேர்ந்து ஒரு சத்தம். அதில் என் சத்தம் எது என்று எனக்கே தெரியாது. பாட்டு வெளியே வரும்போது அதன்மேல் ஒருவர் பாடிக்கொண்டிருப்பார்.

படுக்கையறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, துணி அலமாரியைத் திறந்து வைத்து, எதிரொலி வராமல் பதிவு செய்தேன். குக்கர் விசில் அடிக்கும் என்று சமையலுக்குத் தடை. இரண்டு நாள் ரொட்டிதான். "உங்கக்காவுக்கு வலி போறதுக்குள்ள எனக்கு வயித்துவலி வந்துடும்" என்றாள் இவள்.

ஒன்பது துண்டுகள். எல்லாம் நானே அமைத்தவை, எல்லாம் மெதுவானவை. நம் மூச்சைவிட நிதானமாகப் போகும். தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றில் ஏற்றி, இயர்போனோடு அனுப்புகிறேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேள்.

கேட்டுவிட்டு உண்மையைச் சொல். நீ சொன்னால் நம்புவேன்.

உடம்பை வருத்திக்கொள்ளாதே.
தம்பி


மார்ச் 6

அன்புள்ள சின்னவனுக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் நலமாக இருப்பீர்கள். உன் மனைவிக்கு இனிமேலாவது அடுப்பைத் திருப்பிக் கொடு.

கேட்டேன். மிக நன்றாக இருந்தது. எல்லாமே மிக நன்றாக இருந்தது. மனத்துக்கு அமைதியாக இருந்தது. எவ்வளவு உழைத்திருக்கிறாய் என்பது கேட்கும்போதே தெரிகிறது. சுரங்கள் நல்ல நீளமாக இருக்கின்றன.

வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு பகல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். பால் பாத்திரம் அதன் இடத்திலேயே இருக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம். எல்லாமே ஒரே நிதானத்தில் போகின்றனவே, கொஞ்சம் ஓட்டமாக, தாளத்தோடு ஏதாவது வாசிப்பதுண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. கீழே தையற்கடையில் பாட்டு வழக்கம்போல. நீ வந்திருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அதே பாட்டுகள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

உன் விலாவுக்கு என் விசாரிப்பு. இங்கே எல்லோரும் நலம். நான் தரையில் நடப்பதில்லை என்று இவள் கேலி செய்கிறாள். இருக்கட்டும்.

பாதியாகக் குறைத்துவிட்டாயா! அந்த வரியை இவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வேகமாக வாசிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. வேகம் நரம்பைக் கிளப்பிவிடும். உங்கள் தையற்கடைப் பாட்டையெல்லாம் கேட்டால் வலி இல்லாதவனுக்கும் வலி வந்துவிடும். அதைப் பாட்டு என்று சொல்கிறவன் காதைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இங்கே நூலக அரங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். வலிக்கு இசை என்று தலைப்பு. வழக்கமாக நான் வாயைத் திறந்தால் முன்வரிசை கொட்டாவி விடும். இந்தத் தடவை உன்னைப் பற்றிச் சொன்னேன். அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. "என் அக்கா இப்ப மாத்திரையைத் தொடுறதே இல்லை" என்றேன். நீ பாதி என்றுதான் எழுதியிருந்தாய், தெரியும். பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. எப்படியும் அங்கேதானே போய்ச் சேரப்போகிறாய்? கைதட்டினார்கள் அக்கா. எனக்கு மட்டும், தனியாக. நிறையப் பேர் அந்த ஒன்பது துண்டுகளுக்கும் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது எனக்கு விவரம் வேண்டும். மூன்றாவது உனக்கு அதிகம் உதவுகிறதா, ஏழாவதா? அதை வைத்து அடுத்த தொகுப்பைச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

வலது தோளில் ஒரு பிடிப்பு. தூக்கத்தில் புரண்டு படுத்திருப்பேன். ஒன்றுமில்லை.

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள சின்னவனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியை மாற்றக் கொடுத்திருந்தேன். பிறகு விருந்தாளி வந்தார்கள். பிறகு மழை.

மூன்றாவதா, ஏழாவதா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் அதனதன் அழகு உண்டு. மூன்றாவதில் ஓர் ஆழம் இருக்கிறது. ஏழாவதில் ஒரு விரிவு. எதை எடுப்பது, எதை விடுவது? நீயே முடிவு செய்துகொள்.

மாத்திரையைத் தொடுவதே இல்லை என்று மேடையில் சொன்னதாக எழுதியிருந்தாயே. இனிமேல் அப்படிச் சொல்லாதே அப்பா. கணக்கில் தோராயம் தப்பில்லை, ஆனால் பக்கத்தில் "தோராயம்" என்று எழுதிவிட வேண்டும். நான் பாதி மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தோளை டாக்டரிடம் காட்டு. வில் பிடிக்கிற கை. விளையாட்டில்லை.

என் உடம்பு தேவலை. உங்கள் இருவரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூன் 2

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்கள் உடம்பு இப்போது நன்றாக இருப்பதாக இவர் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சந்தோஷம். இங்கே நிலைமை சரியில்லை. அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து பதில் எழுதாமல் இருக்கிறாரே என்று நினைத்திருப்பீர்கள். காரணம் தோள்.

கை நெஞ்சு உயரத்துக்குமேல் எழும்பவில்லை. சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். தலையை நான்தான் சீவிவிடுகிறேன். வகிடு கோணல் என்று அதிலும் குறை. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "தோள் மூட்டு இறுகிக்கிட்டே வருது. தினமும் பயிற்சி செஞ்சாத்தான் இளகும். வலியோட பயிற்சி செய்ய முடியாது, அதனால மாத்திரை போட்டுக்கிட்டுச் செய்யுங்க. விட்டுட்டா கஷ்டம்" என்று தெளிவாகச் சொன்னார். இவர் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரையை வாங்கினார், மேசை இழுப்பறையில் போட்டார், மூடினார். அவ்வளவுதான்.

கேட்டால், "ஊருக்கெல்லாம் பாட்டுக் கேளுன்னு சொல்லிட்டு நான் மாத்திரை முழுங்கினா எந்த மூஞ்சியோட வெளியில போறது?" என்கிறார். "அக்கா இந்த வயசுல தாங்கறா. நான் தாங்க மாட்டேனா?" என்கிறார்.

தினமும் காதில் மாட்டிக்கொண்டு அவர் வாசித்ததையே கேட்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. பயிற்சிக்குக் கையைத் தூக்கினால் "அம்மா" என்று உட்கார்ந்துவிடுகிறார். "குறையுதா?" என்று கேட்டேன். "எனக்குக் கேக்கத் தெரியலைடி. அக்காவுக்குப் பிடிபட்டது எனக்குப் பிடிபடலை" என்றார். தான் வாசித்ததைத் தனக்கே கேட்கத் தெரியவில்லை என்று வெட்கப்படுகிற மனுஷனைப் பற்றி நான் எங்கே போய்ச் சொல்வது?

ஸ்டுடியோவில் அவர் நாற்காலியில் வேறொரு பையனை உட்கார்த்தியிருக்கிறார்கள். தற்காலிகம்தான் என்கிறார்கள். கை இறுகிவிட்டால் அதுவே நிரந்தரம்.

நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் அண்ணி? படுத்துக்கொண்டா, உட்கார்ந்துகொண்டா? அவருக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் பேச்சைத்தான் கேட்பார்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 8

அம்மாடி, உனக்கு,

உன் கடிதம் வந்தது. என் உடம்பைப் பற்றி இப்போது பேச்சில்லை.

எப்படிக் கேட்டேன் என்று கேட்டிருக்கிறாய். நான் கேட்கவில்லையம்மா.

பெட்டி வந்த அன்று படுத்துக்கொண்டு, அவன் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டாவது துண்டு பாதிகூடத் தாண்டவில்லை. வில்லை ஒரே இழுப்பாக இழுக்கிறான், சுரம் நீண்டுகொண்டே போகிறது. வலிக்கும் அப்படி நீளுகிற பழக்கம் உண்டே. இரண்டும் கை கோத்துக்கொண்டு போயின. காலி வகுப்பறையில் ஒரு பிள்ளை விசும்பினால் நாலு சுவரிலும் மோதித் திரும்புமே, அப்படி அந்த அமைதிக்குள் என் விலா மட்டும் கத்தியது. பிடுங்கிப் போட்டுவிட்டு அழுதேன்.

அதே வாரம் ஒரு மதியம் மேசையில் உட்கார்ந்து மின்கட்டண ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தையற்கடையில் ஒரு குத்துப்பாட்டு. மேளமும் விசிலும் கூச்சலுமாக, வெளியில் சொல்லக் கூசுகிற வரிகள். பாட்டு முடிந்தபோதுதான் பார்த்தேன், என் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவ்வளவு நேரம் விலா நினைவிலேயே இல்லை. அந்தப் பாட்டில் உட்கார இடமில்லை அம்மா. வலி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

கீழே இறங்கிப் போனேன். தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"சத்தம் ஜாஸ்தியா டீச்சர்? இதோ குறைச்சிடறேன்."

"இல்ல, ஒரு திரை தைக்கணும்."

"வீட்டு ஓனர்கிட்ட புகார் சொல்லியிருந்தீங்களாமே. அதுலேருந்து பயந்துக்கிட்டு பாதிக்கு மேல வைக்கறதே இல்ல."

சொன்னது நான்தான். இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

"இப்ப ஓடிச்சே, அது என்ன பாட்டு?"

"அய்யோ, அது மேல வரைக்கும் கேட்டுடுச்சா? மன்னிச்சுடுங்க டீச்சர், இனிமே போடவே மாட்டேன்."

"போடுங்க" என்றேன். "கொஞ்சம் சத்தமாவே போடுங்க."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார் பார், இந்தப் பெரியம்மாவுக்கு மாத்திரை தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். அதன் பிறகு அங்கே போய் உட்காருவதற்காகவே திரை, தலையணை உறை, மேசை விரிப்பு என்று தைக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டில் ஜன்னலைவிடத் திரை அதிகம்.

பிறகு தம்பி அனுப்பிய பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாட்டுகளை ஏற்றித் தரச் சொன்னேன். "இதுல என்னமோ வயலின் இருக்கு டீச்சர். இடம் பத்தாது. எடுத்துடவா?" என்றார்.

"எடுத்துடுங்க" என்றேன்.

அந்த வார்த்தையை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆழம், விரிவு என்று அவனுக்கு எழுதினேனே, அப்போது அந்தப் பெட்டிக்குள் அவன் வாசிப்பே இல்லை. படிக்காமல் வந்த பிள்ளை எழுதுகிற விடை அது. அப்படிப்பட்ட விடைக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டே ஓய்வு பெற்றவள் நான்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் போன் செய்தேன். நீ வெளியே போயிருந்தாய் போலிருக்கிறது. அவன்தான் எடுத்தான். நான் வாயைத் திறக்குமுன்னே, "ஏழாவதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்க்கா. நீ எழுதின விரிவு இப்பத்தான் கொஞ்சம் பிடிபடுது" என்றான். "நல்லதுப்பா" என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டேன் அம்மா.

அவனுக்கு நானே எழுதுகிறேன். அதுவரை இதைக் காட்டாதே. அந்த மாத்திரையை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கண்ணில் படும்படி வை.

அண்ணி


ஜூன் 15

சின்னவனே,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்: விடையை முதல் வரியில் எழுது, விளக்கத்தைப் பிறகு எழுது.

நீ அனுப்பிய இசை என் வலியைக் குறைக்கவில்லை. கூட்டியது. இரண்டாவது துண்டுக்குமேல் நான் கேட்கவில்லை. மூன்றாவதில் ஆழம் உண்டா, ஏழாவதில் விரிவு உண்டா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு உதவியது தையற்கடைக் குத்துப்பாட்டு. நீ எந்தக் காதை டாக்டரிடம் காட்டச் சொன்னாயோ அந்தக் காது என்னுடையது. உன் வாசிப்பை அழித்துவிட்டு அதே பெட்டியில் அதை ஏற்றி வைத்திருக்கிறேன். அதோடு பாதி மாத்திரையும் தினமும் போடுகிறேன். இரண்டும் சேர்ந்துதான் என்னை நடமாட வைத்திருக்கின்றன.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு உண்மை எழுத என் பேனாவுக்குத் தைரியம் இல்லை. உன்மேல் உள்ள பாசத்தில் செய்தேன் என்று சொல்லலாம்தான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. ஆசிரியையாக இருந்தவளுக்கு இந்தப் பாட்டா என்று நீ சிரிப்பாயே என்ற வெட்கமும் இருந்தது. என் வெட்கத்தைக் காப்பாற்ற உன் தோளைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாத்திரையைப் போட்டுக்கொள். கையைத் தூக்கு. என்னைப் பார்த்துத் தாங்காதே, நான் தாங்கவே இல்லை.

அக்கா


ஜூலை 6

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

கடிதத்தைப் படித்தார். மடித்து வயலின் பெட்டிக்குள் வைத்து மூடினார். மறுநாள் காலை, "அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்றார். "பின்னாடி" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. பயிற்சிக்குப் போகிறார்.

உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். கொஞ்ச நாள் விடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். உண்மையாகவே எழுது.

முதலில் கோபம்தான் வந்தது. அழித்துவிட்டாளே என்றுதான். பெட்டியில் இடம் இல்லையாம், இவளுக்கு நீ எழுதிய கடிதத்தில் படித்தேன்! அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் திரும்பிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பாதி தெரியும் அக்கா. நான் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை திருத்தித் திருப்பி அனுப்பியவள் நீ. அப்படிப்பட்டவள் "எல்லாமே மிக நன்றாக இருந்தது" என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்தும் கேட்காமல் மேடையேறினேன். கைதட்டல் இனித்தது. நீ பாதி பொய் சொன்னாய், நான் அதை முழுதாக்கிக்கொண்டேன்.

கை தோள் மட்டம் வரை வருகிறது. மாத்திரை போட்டு அரை மணி கழித்து, சுவரில் விரலால் ஏணி ஏறுவதுபோல் ஏற வேண்டும். தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன். நீ எழுதியதும் அடுத்த நாளே ஆரம்பித்ததால் முழுக்க இறுகவில்லை, மெல்லத் திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். ஆனால் ஸ்டுடியோ நாற்காலி போய்விட்டது. தற்காலிகம் என்ற சொல்லை அவர்கள் இப்போது சொல்வதில்லை. அந்தப் பையன் நன்றாகவே வாசிக்கிறான்.

நூலகத்தில் மறுபடியும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறு. போய் உண்மையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நான் மட்டும் சொன்னால் பாதிதான் ஆகும். நீ வருகிறாயா?

தம்பி


ஆகஸ்ட் 28

அன்புள்ள சின்னவனுக்கு,

உண்மையாகவே எழுதுகிறேன்: காலையில் தேவலை, மாலையில் வலி, குளித்தால் எரிச்சல். மொத்தத்தில் முன்னைவிட நன்று.

வருகிறேன். பேருந்தில் அரை நாள் உட்கார வேண்டும், காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன். பக்கத்து இருக்கைக்காரருக்கு வெளியே கேட்காமல் இருந்தால் சரி.

எத்தனையோ பிள்ளைகளை வகுப்பு முன்னால் நிற்க வைத்து "என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லு" என்று கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய வேலை அது என்று இப்போதுதான் தெரிகிறது.

பாட்டையும் போட்டுக் காட்ட வேண்டுமா? வரிகள் சபைக்கு ஆகாது. தையல்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எனக்கும் தைக்கக் கொடுக்கத் துணி தீர்ந்துவிட்டது. "இவ்வளவுதானா டீச்சர்? மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு நாற்காலி போட்டிருப்பேனே" என்றார். வரி இல்லாமல் மேளம் மட்டும் ஓடுகிற ஒன்றைத் தேடித் தருகிறாராம்.

உன் மனைவியிடம் சொல், என் சாப்பாட்டுக்கு அவள் ஒன்றும் மெனக்கெட வேண்டாம். வயலின் பதிவு இல்லாத நாளாக இருந்தால் போதும்.

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. இவள் உன்னைத் திரும்பத் திரும்ப விசாரிக்கிறாள். மேடையில் நீ நின்ற நிலையும், "நான் பொய் சொன்னேன்" என்று கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உன்னால் வந்த வெட்கம் இல்லை, உன்னைத் தனியாக நிற்க வைத்த வெட்கம். நான் எழுந்து உன் பக்கத்தில் வந்து நிற்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். நேற்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம், என் முதல் பேச்சைக் கேட்டுப் பிரதி வாங்கிப் போனவர். நீ வந்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை, யாரோ சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறார். நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா பேசினாங்களாமே சார். நெசமா?"

"நெசம்தான்."

"உங்க வயலினை மாசக்கணக்கா கேட்டேன் சார். இடுப்புவலி ஒரு பொட்டுக்கூடக் குறையல. எனக்குத்தான் ஞானம் பத்தலைன்னு நினைச்சேன். படிச்சவங்களுக்குக் கேக்குது, நமக்குக் கேக்கலைன்னு. வீட்டுல கேட்டா, ரொம்ப நல்லாருக்கு, குறையுதுன்னு சொல்லிட்டேன்."

"மாத்திரை?"

"தொடறதே இல்ல சார். நீங்கதானே சொன்னீங்க."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றம் நம்முடையது. கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தது அவர். ஏதோ என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தவர் மாதிரி. இழுப்பறையைத் திறந்து என் மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நான் போட்டுக்கிட்டிருக்கேன், பாருங்க. என் அக்காவும் போடறாங்க. நான் சொன்னது தப்பு" என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்கு இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போகிறோம், அவருக்கு இடுப்பு, எனக்குத் தோள்.

"சரி, உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சிரிக்கக் கூடாது சார்."

"மாட்டேன்."

கிட்டே வந்து என் காதில் முனகிக் காட்டினார். நான் சிரிக்கவில்லை அக்கா. அது என்ன பாட்டு என்று உனக்கும் எழுத மாட்டேன், அது அவர் விஷயம்.

வில் பிடிக்கக் கை இன்னும் வரவில்லை. அதனால் வயலினை மடியில் கிடத்தி, விரலால் சுண்டிச் சுண்டி அந்த மெட்டைத் தேடினேன். கொஞ்சம் வந்ததும் அவர் பாதம் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு சட்டென்று நின்றது.

"அப்படி இல்ல சார்" என்றார். "அந்த இடத்துல இன்னும் கீழ எறங்கணும்."

மறுபடி வாசித்தேன்.

"இன்னும் இல்ல" என்றார்.

தம்பி